பக்கத்து சீட்டில் இருந்தவள்

10.7.2008, வியாழன்

காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுப் பழைய டைப்ரைட்டரை இறக்கினேன். சொத்து வழக்கு ஒன்றுக்குப் பதில் மனு, எட்டுப் பக்கம். பழைய மெஷின் எழுத்துத்தான் கண்ணுக்கு அழகு என்கிறார் வக்கீல் அய்யா. வலிப்பது என் விரல்.

மதியம் பாண்டீஸ்வரனிடமிருந்து மெசேஜ். சனிக்கிழமை தேனிக்கு வர முடியுமா, ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று. குமாஸ்தா உள்ளே வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். முகம் சூடாகிவிட்டது. அவர் ஒன்றும் கவனிக்கவில்லை.

மே மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ‘மணமகள் தேவை’ பார்த்து நானாக எழுதிப் போட்டது. வயது நாற்பத்து நான்கு, மனைவி இறந்துவிட்டார், குழந்தை இல்லை, போடியில் ஏலக்காய்க் கடை. இரண்டு மாதமாகப் பேசுகிறோம். தம்பி பாண்டியராஜனுக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி விஜிக்கும் தெரியாது. எப்படிச் சொல்வது? முப்பத்தொன்பது வயதில் அக்கா தானே பேப்பர் பார்த்துத் தனக்கு வரன் தேடினாள் என்றா?

மெஷினுக்கு ரிப்பன் வாங்கத் தேனி போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உத்தமபாளையத்தில் ரிப்பன் கிடைப்பதில்லை என்பது உண்மைதானே.

12.7.2008, சனி

போயிருக்கக் கூடாது.

13.7.2008, ஞாயிறு

விஜியும் அவள் மகள் திரிஷாவும் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். தம்பி கடையில். எழுதிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடி ஹோட்டல். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என்று தடுத்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அப்பா எப்போது தவறினார் என்று கேட்டார். உங்கள் லெட்டரில் கையெழுத்து நன்றாக இருந்தது என்றார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் பதில் போட்டாராம். நான் குனிந்துகொண்டேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன்.

பத்து நிமிஷம் இருக்கும். அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, கடைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். என் போனை எடுத்து, பட்டன் லாக்கை நானே எடுத்துவிட்டு நீட்டினேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “இங்கன டவர் கெடைக்கல, கீழ போய்ப் பேசிட்டு வந்திர்றேன்” என்றார்.

வடை வந்தது. காப்பி வந்தது. ஆறியது. பரிமாறுகிறவர், நரைத்த மீசைக்காரர், “சார் வருவாகளா, எடுத்துரவா?” என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. கீழே ரோட்டில் வண்டி கிண்டி மோதியிருக்குமோ என்று முக்கால் மணி நேரம் அவருக்காகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கம்பம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். பக்கத்தில் ஒரு பெண். பச்சை நூல் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, மடியில் நாலு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை. அதன் வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். வீரபாண்டி தாண்டியதும், “தலவலியாக்கா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். பிள்ளையை அந்தப் பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எனக்குச் சாய இடம் விட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

உத்தமபாளையத்தில் இறங்கி நடந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஜன்னல் வழியாக என் கைப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். மறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டு வாசலிலேயே தம்பி. எத்தனை தடவை அடிப்பது, சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறதே என்றான். நான் யோசிக்கக்கூட இல்லை. போனைப் பஸ்ஸில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தானாக வாயில் வந்தது.

14.7.2008, திங்கள்

போனால் போகட்டும் என்றேன். தம்பி கேட்கவில்லை. சிம் கார்டு அவன் பெயரில் வாங்கியது. “நம்ம பேர்ல இருக்க சிம்ம வச்சு எவனாச்சும் குண்டு வச்சிருக்கேன்னு பேசினா யாருக்கா பதில் சொல்றது?” மோட்டார் காயில் கட்டும் கடையை அரை நாள் பூட்டிவிட்டு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். ஸ்டேஷன் மோட்டாருக்கும் இவன்தான் காயில் கட்டுகிறான். அதனால் உட்காரச் சொன்னார்கள்.

ஒச்சாண்டி ஏட்டு. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

“பக்கத்துல யாரு இருந்தா, என்ன உடுத்தியிருந்தா, ஒண்ணுமே இல்லையேம்மா. வக்கீல் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு இப்படி எழுதினா எப்படி?”

அது என்னைச் சுட்டது. பதினான்கு வருஷமாக இந்தத் தாலுகாவின் மனுக்களை அடிக்கிறவள். எனக்கா எழுதத் தெரியாது? ஆபீசுக்குப் போய்த் திரும்ப அடித்தேன். பொய் மனு எனக்குப் புதிதில்லை. கட்சிக்காரர்கள் சொல்லச் சொல்ல எத்தனையோ அடித்திருக்கிறேன். எது படிக்கிறவரை நம்ப வைக்கும் என்று தெரியும். ஆள் வேண்டும், நிறம் வேண்டும், இடம் வேண்டும். என் கையில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். பச்சை நூல் சேலை, இரு மூக்குத்தி, கையில் கட்டுப் போட்ட பெண் குழந்தை. ‘மேற்படி பெண் நான் இறங்கும் வரை என் மீது சாய்ந்தபடியே வந்தார்’ என்று முடித்தேன்.

கைப்பையைப் பற்றி அடிக்கவில்லை.

ஏட்டு படித்துவிட்டு, “இப்ப இது மனு” என்றார். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

16.7.2008, புதன்

தம்பி போன் வாங்கிய அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து தேடி எடுத்துவிட்டான். பெட்டியின் ஓரத்தில் பதினைந்து இலக்கம் ஒட்டியிருக்கிறது. சிம்மை மாற்றினாலும் அந்த நம்பர் போனோடு போகுமாம். தேனிக்கு அனுப்பினால் எந்த டவரில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். ஏட்டு ஒரு மாதம் ஆகும் என்றார்.

தம்பிக்கு உற்சாகம். எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் கிடைத்தால் உள்ளே நான் அனுப்பிய மெசேஜ்கள் இருக்கும். ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. சும்மா இருக்கும்போது எடுத்துப் படிப்பேன், அதற்காக வைத்திருந்தேன்.

19.7.2008, சனி

போடிக்குப் போனேன். ஆளைப் பிடித்து, போனை நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு.

ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். பாண்டீஸ்வரன் என்று யாரும் இல்லை. ஐந்தாவது கடையில் வயதான கணக்கர் ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஒல்லியாக, வெள்ளைச் சட்டையா என்று கேட்டார். ஆமாம் என்றேன், உயிர் வந்தது போல.

“போன மாசமும் ஒரு டீச்சரம்மா வந்து இப்படித்தேன் விசாரிச்சிட்டுப் போனாக. அந்தப் பேர்ல இங்கன யாருமில்லம்மா.”

அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அந்த டீச்சரும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் கையெழுத்து நன்றாக இருந்திருக்கும்.

22.7.2008, செவ்வாய்

ஒரு ரூபாய் போனிலிருந்து அவன் நம்பருக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை. பிறகு என் நம்பருக்கு. சுவிட்ச் ஆஃப். எதற்கு அடித்தேன்?

25.7.2008, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டார்கள். அவனை இல்லை. அவளை.

கண்டக்டரைக் கேட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுப் போடும் இடத்தில் கேட்டு, பிள்ளையின் கைக் கட்டை வைத்து ஆளைப் பிடித்திருக்கிறார் ஏட்டு. பெயர் ராமுத்தாய். கம்பத்துக்குப் பக்கம் காமயகவுண்டன்பட்டி. தினமும் காலையில் ஜீப்பில் கேரள எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். புருஷன் இல்லை. பிள்ளை கையில் வெந்நீர் கொட்டிவிட்டது.

தம்பியோடு போனேன். பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அதே பச்சைச் சேலை. அதைத்தான் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம், அடையாளம் காட்ட. என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. தெரிந்தவளைப் பார்த்த முகம்.

“இந்தக்காவா? இவுக அழுதுக்கிட்டுல்ல வந்தாக. நாந்தேன் தலவலியான்னு கேட்டேன். சொல்லுங்கக்கா.”

ஏட்டு என்னைப் பார்த்தார். “அழுதீகளா? அப்ப போன் போனது பஸ்லயே தெரியுமா?”

இவள் பக்கத்தில் இருந்தாள், ஆனால் இவள் எடுக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார். பிறகு எதற்கு அழுதாய் என்பார். தம்பி என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறான். தலைவலிதான், எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்றேன்.

“கைப்பைய நாந்தேன எடுத்துக் குடுத்தேன்” என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. ஏட்டு அதைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் பையில் கை வைத்தது உண்மை என்று எழுதிக்கொண்டார்.

பொம்பளையை ராத்திரி வைக்க முடியாது, விசாரணை முடியும் வரை தினமும் காலையில் வந்து சாயங்காலம் வரை இங்கே உட்கார்ந்துவிட்டுப் போ என்றார்.

திரும்பி வரும்போது தம்பி சொன்னான், பாவம் போலத்தான் இருக்கிறாள், ஆனால் இவர்களை நம்ப முடியாது என்று. நான் ‘ம்’ என்றேன். ‘ம்’ என்றேனே.

28.7.2008, திங்கள்

ஸ்டேஷன் வழியாகப் போகாமல் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

30.7.2008, புதன்

இன்றும் சுற்றித்தான் போனேன். பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. போன் திருடி ஒருத்தி தினமும் தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்திருக்கிறாளாம். ஜீப்பில் இனி ஏற வேண்டாம் என்று அவள் கங்காணி சொல்லிவிட்டானாம். எஸ்டேட் வீடுகளில் ஏதாவது காணாமல் போனால் எல்லாரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள் என்று.

அவள் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. போன் திருடி. அவ்வளவுதான்.

1.8.2008, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் போவதற்கு முன் வக்கீல் அய்யா ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தார், நான் அடித்துக்கொண்டிருந்தேன். ‘மேற்படி நபர்’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னம்மா என்றார்.

சொல்லிவிட்டேன். ஹோட்டல், வடை, போடி எல்லாம். தலையைத் தூக்கவே இல்லை. அவர் முன்னால் நான் சத்தமாகச் சிரித்ததுகூடக் கிடையாது. மெஷினைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “பொய்ப் புகாருக்கு செக்‌ஷன் நூத்து எம்பத்திரெண்டு இருக்கு. உனக்காக நான் போய்ப் பேசுறேன், அது ஒண்ணும் பெரிசில்ல. அந்தப் பொண்ணுக்கு யாரு பேசுவா முருகம்மா?”

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து புகாரின் மீதியைச் சொன்னார். அந்தப் புகாரை அடித்து முடித்தேன்.

2.8.2008, சனி

ஆடிப் பதினெட்டு. விஜி ஐந்து வகைச் சாதம் கிளறினாள். எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போனோம். முல்லையாற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது. சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். திரிஷா தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன்.

கோழை நான். வேறென்ன.

4.8.2008, திங்கள்

தனியாகப் போனேன். ஞாயிற்றுக்கிழமையே கையால் எழுதி வைத்திருந்தேன், இரண்டு பக்கம். மெஷினில் அடிக்கப் பிடிக்கவில்லை.

அவள் அங்கேதான் இருந்தாள். சுவரோரம், தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஏட்டு நின்றபடி படிக்க ஆரம்பித்தார், பாதியில் உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“இது உங்க தம்பிக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“பத்து நாளா நான் ஒரு பொம்பளைய உட்கார வச்சிருக்கேன்ம்மா” என்றார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது.

உள்ளே எஸ்.ஐ. என்னை நிற்க வைத்தே கேட்டார். அவர் கேட்டது எல்லாவற்றையும் எழுத முடியாது. எத்தனை தடவை அந்த ஆளைப் பார்த்தாய், ஹோட்டலில் ரூம் எடுத்தீர்களா. ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைதான், ரூம் இல்லை, வடை சாப்பிடக்கூட இல்லை என்றேன். ஏன் வடையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. கான்ஸ்டபிள் ஒருத்தர் சிரித்தார்.

பதினொரு மணிக்கு வக்கீல் அய்யா வந்தார். நான் வரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, வழக்கை மோசடி என்று மாற்றித் தேனிக்கு அனுப்புவதாக முடிந்தது.

வெளியே ஏட்டு ராமுத்தாயிடம் போகலாம் என்றார். அவள் எழுந்து, வாளியை எடுத்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“அப்ப நாளைக்கி வர வேண்டாமா?”

வேண்டாம் என்றார். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனாள். நான் ராமுத்தாய் என்று கூப்பிட்டேன். நிற்கவில்லை.

5.8.2008, செவ்வாய்

தம்பிக்கு நேற்று மாலையே தெரிந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்தே யாரோ கடைக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள். என்னோடு பேசவில்லை. நான் வைத்த காப்பி அப்படியே இருந்தது.

விஜி அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள், “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல மதினி, நான் கூட வந்திருப்பேன்ல.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோர்ட் வாசலில் நான் போகும்போது பேச்சு நிற்கிறது. பதினான்கு வருஷமாக ‘டைப்பிஸ்ட் அக்கா’ என்று கூப்பிட்டவர்கள். இன்றும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள்.

9.8.2008, சனி

ஐந்து நாள் கழித்துத் தம்பி பேசினான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏன்க்கா, நான் மாப்ள பாக்க மாட்டேன்னா சொன்னேன்?”

சொல்லவில்லை. பார்க்கவும் இல்லை. அதை அவனிடம் நான் சொல்லவில்லை. அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டான்.

“ரெண்டாயிரத்து மூணுல சின்னமனூர்ல இருந்து ஒரு ஜாதகம் வந்துச்சு. பொருந்தலன்னு உங்கிட்ட சொன்னேன். பொருந்துச்சுக்கா.”

திரிஷா பிறந்த வருஷம். விஜிக்கு உடம்பு முடியாமல் இருந்தது. வீட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவன் அதையெல்லாம் சொல்லவில்லை. நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்த துணியையே மறுபடியும் மடித்தேன்.

10.8.2008, ஞாயிறு

காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் போன் திருடின பொம்பளையா என்பார்களோ என்று பயம். அப்படியேதான் கேட்டார்கள்.

பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்த்திருந்தது, தோல் சிவப்பாக இருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை. வாங்கிப் போன பழத்தை வாங்கவில்லை. நான் செய்தது பாவம், மன்னித்துவிடு என்றேன். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன வார்த்தை வேறு. இதுதான் வந்தது.

சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

“எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஜீப்பு நிக்கிற எடத்துக்கு வந்து சொல்லுங்க. கங்காணி இருக்கப்ப, எல்லாரும் இருக்கப்ப சொல்லுங்க.”

அக்கா என்று கூப்பிடவில்லை.

புதன்கிழமை வருகிறேன் என்றேன். நம்பாத மாதிரிப் பார்த்தாள்.

13.8.2008, புதன்

தம்பிதான் வண்டியில் கூட்டிப்போனான். நான் கேட்கவில்லை. விஜி சொல்லியிருப்பாள். விடிந்தும் விடியாமல் கிளம்பி ஐந்தே முக்காலுக்குக் கம்பத்தில் இருந்தோம். கம்பம்மெட்டு ரோட்டில் வரிசையாக ஏழெட்டு ஜீப். ஒவ்வொன்றிலும் பதினைந்து பெண்கள், தலையில் துண்டு, கையில் வாளி. ராமுத்தாய் ஒரு வேப்பமரத்தடியில் தள்ளி நின்றாள்.

கங்காணி ராக்கையாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தமாகச் சொல்லுங்கம்மா, வண்டி சத்தத்தில் கேட்கவில்லை என்றார். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். எல்லாரும் திரும்பினார்கள்.

“ராமுத்தாய் என் போனை எடுக்கல. நான் போலீஸ்ல பொய் சொன்னேன்.”

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ராக்கையா விடவில்லை. தப்பாகக் கேட்கவில்லை, அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. “அப்ப போன் எங்கனம்மா போச்சு?”

தம்பி வண்டிப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்ன ஒரு ஆள்கிட்ட நானே குடுத்தேன். அவன் கொண்டுபோயிட்டான். வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு இவ மேல போட்டேன். என் பைய இவதான் எடுத்துக் குடுத்தா.”

பின் சீட்டில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, வயதானவள், அடிப் பாவி மகளே என்றாள். எங்களில் யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனை கண்கள். வக்கீல் ஆபீஸ் அம்மா, வெளுத்த சேலை, கையில் குடை — இதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராக்கையா மரத்தடியைப் பார்த்து, “ஏறு ஆத்தா, நேரமாச்சு” என்றார்.

அவள் ஏறினாள். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜீப் கிளம்பும்போது என்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். எதற்காகப் பார்க்க வேண்டும்?

திரும்பும்போது தேனி பஸ் ஒன்று முந்திப் போனது. அதன் சத்தத்தில் தம்பி ஏதோ சொன்னான். என்னடா என்றேன். ஒன்றுமில்லை, பிடித்து உட்கார் என்றான்.

27.8.2008, புதன்

போன் கிடைத்துவிட்டது. பதினைந்து இலக்கம் கம்பத்து டவரில் காட்டியதாம். பழைய போன் வாங்கி விற்கும் கடை ஒன்றில் ஒரு நர்சிங் மாணவி வாங்கியிருக்கிறாள். விற்ற ஆளின் அடையாளம் கடைக்காரர் சொன்னார். ஒல்லி, வெள்ளைச் சட்டை. ஆளை இன்னும் பிடிக்கவில்லை. பெயர் பாண்டீஸ்வரன் இல்லை என்பது மட்டும் நிச்சயமாம்.

போன் என்னுடையதுதானா என்று பார்க்க ஏட்டு ஆபீசுக்கே வந்தார். தேனிக்கு அனுப்புவதற்கு முன் உள்ளே இருக்கும் மெசேஜ்களை எழுதி எடுக்க வேண்டுமாம். நான் பயந்துகொண்டிருந்தது இதுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், நான் எதிரில் நின்றேன்.

சாப்டீங்களா. இங்க கரண்ட் இல்ல. இன்னிக்கு மழை, உங்க ஊர்ல? விரல் வலி. சாப்டீங்களா. தூங்கப் போறேன். பஸ்ல இடம் கெடச்சுதா. சாப்டீங்களா.

முப்பத்தொன்று. பாதியில் அவர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

“இதுல தப்பா ஒண்ணும் இல்லையேம்மா” என்றார். “இதுக்கா?”

அவர் போன பிறகு பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

11.9.2008, வியாழன்

வக்கீல் அய்யாவிடம், கட்சிக்காரர் சொல்வது பொய் என்று தெரிந்தால் இனி நான் அடிக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் இந்த ஆபீசை மூட வேண்டியதுதான் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். சாயங்காலம் ஒரு புகார்க் கட்டைக் குமாஸ்தாவிடம் கொடுத்து வெளியே அடித்துவரச் சொன்னார்.

3.11.2008, திங்கள்

போடிக் கடையில் முன்பு விசாரித்துப் போன டீச்சர் போன் செய்தாள், ஏட்டிடம் ஆபீஸ் நம்பர் வாங்கி. அவனைத் திண்டுக்கல்லில் பிடித்துவிட்டார்களாம். என் வழக்கைப் பேப்பரில் இரண்டு வரி போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவளும் புகார் கொடுத்தாளாம். தன் பெயர் சொல்லவில்லை. சாட்சிக்கு வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றேன். அப்படியானால் நானும் வருகிறேன் என்றாள்.

20.1.2009, செவ்வாய்

இன்று ராமுத்தாய் ஆபீசுக்கு வந்தாள்.

தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் இந்தத் தெருவுக்குத்தான் வர வேண்டும். ஆனால் தெருவில் மனு அடிக்கிறவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். முதல் கடையே பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கிறது. அதைத் தாண்டி வந்திருக்கிறாள். வக்கீல் அய்யா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மேஜையில் கிடந்த தாள்களை ஒதுக்கினேன். அவள் சிரிக்கவில்லை.

“ரேசன் கார்டுல புள்ள பேரு ஏறல. ஒரு மனு அடிக்கணும்.”

தாளைச் செருகினேன். ‘மிகவும் வறிய நிலையில் உள்ள ஆதரவற்ற’ என்று பழக்கத்தில் விரல் தானாக ஓட ஆரம்பித்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தான் இன்னும் எதுவும் சொல்லவில்லை, நான் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பார்த்துவிட்டாள்.

“நான் சொல்றத மட்டும் அடிங்க.”

தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் வைத்தேன். அவள் சொன்னாள், நான் அடித்தேன். நாலு வரிதான் வந்தது. படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தேன்.